கல்லூரி வகுப்பில் முதல் பருவம்: டெல்டாவில் பாடம் நடத்த வந்திருப்பவருக்கு

ஜாயினிங் ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டது. துறைத்தலைவர் டைம் டேபிளை நீட்டிவிட்டார். கௌரவ விரிவுரையாளரோ, உதவிப் பேராசிரியரோ, அரசுக் கல்லூரியோ, சுயநிதியோ, நாளைக் காலை முதல் ஹவர் உங்களுடையது. நெட், செட், பிஎச்.டி. எல்லாம் முடித்திருப்பீர்கள். அறுபது பேர் முன்னால் நின்று எப்படிப் பாடம் எடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூட ஆசிரியருக்கு பி.எட். கேட்கிறார்கள், கல்லூரி ஆசிரியருக்கு அப்படி எதுவும் கேட்பதில்லை. நமக்குப் பாடம் எடுத்தவரைப் பார்த்து நாமும் அதே மாதிரி எடுக்கப் பழகிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இத்தனை படிகளுக்கும் நோக்கம் ஒன்றே: மணி அடித்து நீங்கள் வெளியே வரும்போது, இன்றைக்கு யாருக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நன்றாக நடத்தினேன்" என்ற திருப்தி வேறு, இது வேறு.

முதல் படி: காலண்டரை எடுங்கள்

சிலபஸில் ஐந்து யூனிட் இருக்கும். ஐந்தால் நாட்களை வகுத்துத் திட்டம் போட்டால் இந்த ஊரில் நிச்சயம் மாட்டிக்கொள்வீர்கள். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் காலை ஆறு மணிக்கே டிவியில் "இந்த மாவட்டங்களில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை" என்று ஓடும். அதில் நம் மாவட்டம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது வகுப்பு, தேர்வு என எல்லாமே தள்ளிப்போயின. புயலே வராத ஆண்டிலும் தஞ்சாவூரில் சதய விழா, திருவாரூரில் ஆழித்தேர், நாகூரில் கந்தூரி என்று ஊருக்கு ஊர் உள்ளூர் விடுமுறை உண்டு. அப்புறம் தீபாவளிக்கு முன்னும் பின்னும் வகுப்பு காலியாகத்தான் இருக்கும்.

எனவே ஒற்றைப்படைப் பருவத்தில் கடினமான யூனிட்டைச் செப்டம்பர் முடிவதற்குள் முடித்துவிடுங்கள். அது நான்காவது யூனிட்டாக இருந்தாலும் சரி. முன்பாடம் தேவைப்படாது என்றால் முன்னால் இழுத்துக்கொள்ளலாம். வரிசை மாறியதை முதல் நாளே பிள்ளைகளிடமும் துறைத்தலைவரிடமும் சொல்லிவிடுங்கள், இன்டர்னல் வினாத்தாள் வேறு யாராவது எடுக்கிறார்கள் என்றால் குழப்பம் வராது. நவம்பருக்கு, அவர்களே படித்துக்கொள்ளக்கூடிய பகுதியை ஒதுக்கி வையுங்கள். கடைசி மூன்று ஆண்டுப் பல்கலைக்கழக வினாத்தாள்களையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். அதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

அடுத்தது: எதிரே இருப்பது யார்?

முதல் வகுப்பில் சுய அறிமுகம் என்று அறுபது பேரையும் எழுப்பி நிறுத்துவதில் ஹவர்தான் போகும். அரைத்தாள் கொடுத்து நாலு கேள்விக்குப் பதில் வாங்குங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் என்ன குரூப், எந்த மீடியம்? எந்த ஊரிலிருந்து, எந்த பஸ்? கல்லூரி முடிந்ததும் ஏதாவது வேலைக்குப் போகிறாயா? இந்தப் பாடத்தின் பெயரைக் கேட்டதும் என்ன தோன்றுகிறது? சாதி, அப்பா வேலை இரண்டையும் கேட்காதீர்கள். அவை அலுவலகக் கோப்பில் கிடக்கின்றன, உங்களுக்கு எதற்கு?

அந்தத் தாள்களைப் படித்தால் நிறையப் புரியும். குடவாசலிலிருந்தோ வலங்கைமானிலிருந்தோ டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருபவர் முதல் ஹவருக்குப் பத்து நிமிடம் பிந்துவது சோம்பேறித்தனத்தால் அல்ல. அதற்கு முந்தைய பஸ் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுகிறது. முகூர்த்த நாளில் பின் வரிசை காலியாக இருந்தால் மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார்கள். நடவு, அறுவடைச் சமயத்திலும் வீட்டில் ஆள் தேவைப்படும். இதற்கெல்லாம் அட்டெண்டன்ஸ் போட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. 75 சதவீதம் விதி இருக்கத்தான் செய்கிறது. அன்றைய பாடத்தின் உயிரான விஷயத்தை முதல் பத்து நிமிடத்தில் வைக்காதீர்கள் என்கிறேன்.

அப்படியானால் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? உள்ளே நுழைந்ததும் போர்டில் இரண்டு கேள்வி எழுதுங்கள்: ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, இன்னொன்று போன வாரத்துப் பாடத்திலிருந்து. நோட்டை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் கிடையாது. பிந்தி வருபவர் சத்தமில்லாமல் உட்கார்ந்து அவரும் எழுதத் தொடங்கலாம். பிறகு விடையைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் போய்விடுங்கள்.

இது நேரத்தை நிரப்ப மட்டும் செய்கிற காரியம் இல்லை. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தியவர்கள், படித்ததை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். பருவத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

முக்கியமான படி: கேள்வி கேட்கும் விதம்

இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

"புரியுதா?" என்று கேட்டால் "புரியுது சார்" என்று கோரஸாக வரும். முன் பெஞ்சில் நாலு பேர் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை மரியாதைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுங்கள். பாடக் கணக்கில் வைக்காதீர்கள். "யாருக்காவது சந்தேகம்?" என்பதும் அதே ரகம்தான். என்ன சந்தேகம் என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள்.

அதற்குப் பதிலாக, எல்லோரும் ஒரே சமயத்தில் விடை சொல்லியாக வேண்டிய ஒரு கேள்வியைப் போடுங்கள். முதலாண்டுப் பொருளியலில் தேவை விதி நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போர்டில் இப்படி எழுதுங்கள்:

ஆயுதபூஜைக்கு முதல் நாள் தஞ்சாவூர் பூக்காரத் தெருவில் செவ்வந்தி விலை ஏறிவிட்டது. ஆனாலும் வழக்கத்தைவிட அதிகம் பூ விற்கிறது. இதற்கு என்ன விளக்கம்?
அ) தேவை விதி பூவுக்குப் பொருந்தாது
ஆ) தேவைக் கோடே வலப்பக்கம் நகர்ந்துவிட்டது
இ) அதே தேவைக் கோட்டின் மேல் வேறு புள்ளிக்குப் போயிருக்கிறோம்
ஈ) பூ வரத்து குறைந்துவிட்டது

ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. அப்புறம் "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் எல்லோரும் நெஞ்சோடு ஒட்டி விரலைக் காட்ட வேண்டும்: அ என்றால் ஒரு விரல், ஈ என்றால் நாலு விரல். கையை உயரத் தூக்கினால் பக்கத்தில் இருப்பவர் பார்த்து மாற்றிக்கொள்வார். நெஞ்சோடு வைத்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். செல்போன், ஆப் எதுவும் வேண்டாம்.

சரியான விடை ஆ. பலர் 'அ'வில் விழுவார்கள், ஏனென்றால் விலை ஏறினால் தேவை குறையும் என்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள். 'ஈ' போட்டவரிடம், வரத்துக் குறைவு மட்டும்தான் காரணம் என்றால் விற்பனையும் ஏன் குறையவில்லை என்று கேளுங்கள். ஆனால் இந்த விளக்கத்தையெல்லாம் உடனே கொட்டிவிடாதீர்கள். கண்ணால் ஒரு கணக்குப் போடுங்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் சரி என்றால் இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிட்டு மேலே போங்கள். மூன்று பேருக்குக் கீழே என்றால் பாடம் போய்ச் சேரவில்லை, வேறு வழியில் திரும்ப நடத்துங்கள். இடையில் இருந்தால்தான் விசேஷம். "வேறு விடை காட்டியவரைப் பிடித்து, உங்கள் விடைதான் சரி என்று ஒத்துக்கொள்ள வையுங்கள், இரண்டு நிமிடம்" என்று விட்டுவிடுங்கள். சந்தைக்கடை மாதிரி சத்தம் வரும், வரட்டும். நடுவே நடந்துபோய்க் காது கொடுங்கள்; எங்கே சறுக்குகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்கலாம். மறுபடி விரல் வாக்கெடுப்பு. அதற்குப் பிறகுதான் உங்கள் விளக்கம்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1991இல் இப்படிச் செய்யத் தொடங்கினார். இது ஏன் பலிக்கிறது? நமக்குப் பாடம் புரிந்து பல வருடம் ஆகிவிட்டதால் எங்கே முடிச்சு விழும் என்பதே மறந்துபோயிருக்கும். பக்கத்து பெஞ்சுப் பெண்ணுக்கு இப்போதுதான் அந்த முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. அவள் சொன்னால் சட்டென்று ஏறும்.

ஒரு ஹவரில் இப்படி இரண்டு கேள்வி போதும். நல்ல கேள்வி தயாரிக்க நேரம் பிடிக்கும். தவறான விடைகளை நீங்களே கற்பனை செய்து எழுதாதீர்கள். போன ஆண்டு இன்டர்னல் விடைத்தாளில் பிள்ளைகள் உண்மையிலேயே எழுதிய தவறுகளைப் பொறுக்கிப் போடுங்கள். அவைதான் கடிக்கும்.

வாய்மொழியாகக் கேள்வி கேட்டாலும் ஒரு பழக்கம் வேண்டும்: கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் ஆசிரியர்களைப் பதிவு செய்து கேட்டபோது, கேள்விக்குப் பிறகு அவர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, பிள்ளை அதைத் தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்தில் வாக்கியம் கட்ட வேண்டிய நம் வகுப்பில் மூன்று விநாடி எந்த மூலைக்கு? மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனம் முதலில் உங்களுக்குத்தான் தாங்காது.

இன்னொன்று. ஆண்களும் பெண்களும் படிக்கும் கல்லூரிகளில் ஒரு பக்கம் பையன்கள், ஒரு பக்கம் பெண்கள் என்றுதான் உட்காருவார்கள். முதல் வாரமே அவர்களைக் கலந்து ஜோடி சேர்க்கக் கிளம்பாதீர்கள், பேச்சே நின்றுபோகும். இருக்கிற இடத்திலேயே பக்கத்தவரோடு பேசட்டும்.

மொழி

உங்கள் வகுப்பில் பெரும்பாலோர் தமிழ் மீடியத்தில் படித்து வந்திருப்பார்கள். பாடப்புத்தகம் ஆங்கிலம். வழக்கமாக நடப்பது என்ன? ஆசிரியர் ஆங்கிலத்தில் நோட்ஸ் வாசிப்பார், பிள்ளைகள் எழுத்துக்கூட்டி எழுதுவார்கள், தேர்வுக்கு அதை அப்படியே நெட்டுருப் போடுவார்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் போச்சு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜனையே ஆங்கிலத் தாள்தான் காலை வாரியது. நம் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். அன்றைய பாடத்துக்குத் தவிர்க்க முடியாத ஆங்கிலச் சொற்கள் ஐந்தை போர்டின் இடது ஓரத்தில் எழுதி மணி அடிக்கும்வரை அழிக்காமல் வையுங்கள். கருத்தைத் தமிழில் விளக்குங்கள், அந்த ஐந்து சொல்லை மட்டும் ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொண்டு. பிறகு பக்கத்தவருக்கு அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் சொல்ல வராதவருக்கு ஆங்கிலத்தில் எழுத வரவே வராது. புரியவில்லை என்பது இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கடைசியாக அந்தச் சொற்களை வைத்து மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள், சொந்த வாக்கியத்தில். இலக்கணப் பிழை எல்லாவற்றையும் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள். பொருள் மாறுகிற பிழையை மட்டும் திருத்துங்கள்.

மூன்று வரிக்கு ஏன் இவ்வளவு பாடு? பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் வழக்கமான 75 மதிப்பெண் தாளில் இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு மட்டும் 20 மதிப்பெண். ஒவ்வொன்றும் மூன்று வரிதான். அரியர் விழுகிற பிள்ளைக்கு அந்த இருபது பெரிய விஷயம்.

ஆங்கில வழிப் படிப்பிலும் மாணவர்களைத் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் நடைமுறை என்ன என்று தேர்வுப் பிரிவில் கேட்டு, முதல் மாதத்திலேயே வகுப்பில் சொல்லிவிடுங்கள். ஹால் டிக்கெட் வாங்கும்போது சொல்லிப் பயனில்லை.

"நோட்ஸ் கொடுங்க சார்" என்று கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் டிக்டேட் செய்யாதீர்கள். யூனிட்டுக்கு இரண்டு பக்கம், முக்கியமான இடங்களைக் காலியாக விட்டு, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆகப் போடுங்கள். ஜெராக்ஸ் எடுத்து வருவார்கள். காலி இடத்தை வகுப்பில் நிரப்பட்டும். ஸ்மார்ட் போர்டு இருக்கிறதே என்று நாற்பது ஸ்லைடை வாசிப்பது டிக்டேஷனைவிட மோசம். அதில் எழுதும் வேலைகூட இல்லை, தூக்கம்தான்.

உதாரணத்தை ஊரிலிருந்து எடுங்கள்

பிசிஏ, கணினி அறிவியல் மாணவர்களுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங் வரும், அதாவது காத்திருக்கும் வேலைகளுக்குப் பிராசஸரை முறைவைத்துப் பகிர்ந்து தருவது. புத்தகத்தில் பி1, பி2, பி3 என்று கட்டம் போட்டிருக்கும். அதற்கு முன்னால் முறைவைத்துத் தண்ணீர் விடுவதைப் பற்றிக் கேளுங்கள். மேட்டூரில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைப்பது வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டுப் பேச்சு. ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட நேரம், முடிந்ததும் அடுத்தவருக்கு, பாய்ந்து முடியாத வயல் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும்: அதுதான் டைம் குவாண்டம். முறையே இல்லாமல் தலைமடைக்காரர் வேண்டிய மட்டும் பாய்ச்சிவிட்டு விட்டால் கடைமடையில் நாலு மா வைத்திருப்பவர் காத்துக் கிடப்பார். முதலில் வந்த பெரிய வேலைக்குப் பின்னால் சின்ன வேலைகள் மாட்டிக்கொள்வதும் அப்படித்தான்.

பிறகு இதைக் கேளுங்கள்: "முறையை ஆறு நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைத்தால் என்ன ஆகும்?" யாராவது ஒரு விவசாய வீட்டுப் பிள்ளை சொல்லும்: "காய்ந்த வாய்க்கால் நனையவே தண்ணி சரியாப் போயிடும் சார், வயலுக்கு வராது." காண்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்றால் என்ன, குவாண்டம் மிகச் சிறிதாக இருந்தால் பிராசஸர் ஏன் வேலை மாற்றுவதிலேயே நேரத்தைக் கழிக்கிறது என்பதை அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. நீங்கள் பெயர் மட்டும் வைத்தால் போதும். உடனே, இந்த உதாரணம் எங்கே பொருந்தவில்லை என்றும் கேட்டுவிடுங்கள். தண்ணீர் இட வரிசைப்படி போகும், பிராசஸ் வந்த வரிசைப்படி நிற்கும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் தேர்வில் வெண்ணாறு பற்றி எழுதி வைப்பார்கள்.

வணிகவியலில் தேய்மானத்துக்கு நெல் அறுவடை இயந்திரம், புள்ளியியலில் மாதிரி எடுப்பதற்குக் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குள் குத்தூசி விட்டு ஈரப்பதம் பார்ப்பது, வேதியியலில் வேதாரண்யத்து உப்பளம். தேடினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒன்று கிடைக்கும். வலிந்து திணிக்க வேண்டாம். கிடைக்காத யூனிட்டுக்குப் புத்தக உதாரணமே போதும்.

கடைசி மூன்று நிமிடம்

கால்தாள். பெயர் வேண்டாம். இரண்டு கேள்வி: இன்று புரிந்த ஒன்று, இன்னும் குழப்பமாக இருக்கும் ஒன்று. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது புரட்டினால் அறுபது தாளும் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த வகுப்பை "நேற்று நிறையப் பேர் இதைக் கேட்டிருந்தீர்கள்" என்று தொடங்குங்கள். தாங்கள் எழுதியதை நீங்கள் படித்தீர்கள் என்று தெரிந்தபின் அடுத்த வாரத் தாள்களைப் பாருங்கள், கேள்விகள் எப்படிக் கூர்மையாகின்றன என்று. தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒன்று போதும்.

இன்டர்னல் 25 மதிப்பெண்ணை வீணாக்காதீர்கள்

அசைன்மெண்ட் என்று பத்துப் பக்கம் கேட்டால் ஒருவர் எழுதி ஒன்பது பேர் பார்த்து எழுதுவார்கள். இப்போது அந்த ஒருவரும் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார். ஒரே பக்கம் போதும் என்று சொல்லுங்கள், சொந்த ஊர்த் தகவல் ஒன்று அதில் இருக்க வேண்டும். வாங்கும்போது "இந்த வரியை விளக்கு" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் வித்தியாசம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்கள் கல்லூரி விதி இடம் கொடுத்தால், பெரிய டெஸ்ட் ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன டெஸ்ட் பல வையுங்கள்.

முணுமுணுப்பு வரும்

இப்படியெல்லாம் செய்தால் மூன்றாவது வாரத்தில் ஒரு புகார் வரும்: "அந்த சார் நடத்தவே மாட்டேங்கிறார், எங்களையே பேசச் சொல்றார்." எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டிலேயே இப்படி நடந்திருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வில், தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்த இயற்பியல் மாணவர்கள், விரிவுரை கேட்டவர்களைவிடத் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தவர்களும் அவர்களே. சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும் உண்டு. வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 34 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 22 சதவீதம். முதல் இன்டர்னல் முடிந்ததும் இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்து.

துறைத்தலைவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. வராந்தாவில் போகிறவர் காதில் விழுவது சத்தம் மட்டும்தான். "சார், செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஹவரில் பிள்ளைகளை ஜோடியாகப் பேச விடுகிறேன், நேரமிருந்தால் வந்து பாருங்கள்" என்றால் போதும். பெரும்பாலும் வர மாட்டார்; வந்தால் இன்னும் நல்லது. கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் (NAAC) கோப்பில் சேர்க்க அவருக்கும் ஏதாவது தேவைப்படும், நீங்கள் போட்ட கேள்விகளின் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

நடத்த நான்கைந்து பாடத்தாள், அதற்கு மேல் அட்மிஷன் வேலை, தேர்வுப் பணி என்று இருக்கும்போது எல்லா வகுப்பிலும் எல்லாவற்றையும் தொடங்காதீர்கள். ஒரே ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். முதல் மாதம் தொடக்கக் கேள்விகள் மட்டும். இரண்டாம் மாதம் விரல் வாக்கெடுப்பு. கால்தாள் அதற்குப் பிறகு. உங்களோடு சேர்ந்த இன்னொரு புதியவர் துறையில் இருந்தால் மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் மற்றவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பார்ப்பவர் குறிக்க வேண்டியது இரண்டே விஷயம்: எத்தனை பேர் வாய் திறந்தார்கள், கடைசி இரண்டு வரிசை என்ன செய்துகொண்டிருந்தது. ஆள் கிடைக்காவிட்டால் செல்போனில் குரலைப் பதிவு செய்து, உங்கள் குரல் எத்தனை நிமிடம், அவர்கள் குரல் எத்தனை நிமிடம் என்று கேட்டுப் பாருங்கள். பதிவு செய்வதை வகுப்பில் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

போட்ட கேள்வி, அதற்கு எத்தனை பேர் எந்த விரல் காட்டினார்கள் என்பதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். யாரும் தடுமாறாத கேள்விகளை அடித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தாள் வேறொருவருக்குப் போனால், சிலபஸ் காப்பியோடு அந்த நோட்டையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.